வாங்கும் கம்பி

மாப்பிள்ளை கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பி நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் மேசை மேலிருந்த ரௌட்டரில், எதிர்முனை இணைந்ததைக் காட்டும் வாங்கும் விளக்கு எரிந்தது.

பியூஸ் கடிகாரத்தைப் பார்த்தான். மதியம் இரண்டு முப்பத்துநாலு. கட்டுப்பாட்டு அறையிலிருந்து மாப்பிள்ளை இறங்க வேண்டிய குழிவரை நடந்தாலே பன்னிரண்டு நிமிடம் ஆகும். அப்புறம் அறுபது படி இரும்பு ஏணி வேறு இருக்கிறது. எவனாவது பைக்கில் ஏற்றிக்கொண்டு போயிருப்பான், ஏணியில் மாப்பிள்ளை சறுக்கிக்கொண்டே இறங்கியிருப்பான், இளரத்தம், என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அப்படியே வைத்துக்கொண்டாலும் நான்கு நிமிடம் போதாது என்பதும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே குடிநீர் அலுவலகம் முழுவதையும் இருட்டாக்கியவன் பியூஸ். அன்றைக்கு ஒட்டிய பெயர், பதினைந்து வருஷமாகியும் போகவில்லை. இப்போது மாமியார்கூட 'பியூஸ் வந்தாச்சா' என்றுதான் கேட்கிறார்.

அன்றைய வேலை இதுதான். அணையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் வருவது ஆளுயரச் சுரங்கம் ஒன்றின் வழியாக. சுவரில் விரிசல் என்று காலையில் மதகை அடைத்து, சுரங்கத்தை வற்றவிட்டு, பூச்சு வேலை முடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது சுரங்கத்தின் பாதி வழியில், அந்தக் குழியின் அடியில் இருக்கும் ஒரு சிறிய அறை. அங்கே நீர்மட்டம் பார்க்கும் பழைய பெட்டி செத்துப்போயிருந்தது. அந்த இடத்தில் புதிதாக, ஆலைகளில் வைக்கிற கெட்டி ரகத்தில் ஒரு ரௌட்டர் வைக்க வேண்டும். செல்போனுக்கு அந்த ஆழத்தில் சிக்னல் கிடையாது. புதிய கேபிள் பதிக்கவும் வழியில்லை. இருப்பது தொள்ளாயிரம் மீட்டர் பழைய செப்புக் கேபிள் ஒன்று. அதற்குள் அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, எர்த்துக்கு ஒன்று. இணையத்தில் போகிற வருகிற எல்லாவற்றையும் துண்டு துண்டாக்கி, ஒற்றையடிப் பாதையில் ஆள் பின்னால் ஆள் போவதுபோல அதில் வரிசையாக விட வேண்டும்; சீரியல் லைன் என்பார்கள். வேகம் நத்தைதான். ஆனால் நாற்பது வருஷம் ஈரத்தில் ஊறியும் சாகாத கம்பி அது.

அதில் ஓடும் முறையும் அதே காலத்தது. ஒரு தகவல் பொட்டலம் முடிந்தால் ஒரு முற்றுக்குறி, அவ்வளவுதான். யார் அனுப்பியது, வழியில் கெட்டுப்போனதா என்று எந்தக் கேள்வியும் இல்லை. கம்பியில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

முதலில் கம்பியைச் சோதிக்க வேண்டும். கட்டைவிரல் அளவில் ஒரு பிளக் உண்டு. அதைத் தொலைவு முனையில் செருகினால் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இங்கே தட்டுவது அங்கே போய் அப்படியே திரும்பி இங்கேயே வரும். மாப்பிள்ளை இறங்கியதும் பிளக்கைப் போட வேண்டும். பத்து நிமிடம் பொறுத்துக் கழற்றிவிட்டு ரௌட்டரை மாட்ட வேண்டும். அதன்பிறகு இருவரும் எழுத்தில் பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

பியூஸ் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். அவன் எப்போதும் தமிழில்தான் தட்டுவான். தமிழில் ஓர் எழுத்து மூன்று துண்டாகப் போகும். ஒரு துண்டு கெட்டாலும் எழுத்துக்குப் பதில் கட்டம் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

'டெஸ்டு. ஒன்று இரண்டு மூன்று.'

அடுத்த வரியில் அதுவே வந்து நின்றது. ஒரு கட்டம்கூட இல்லை.

'மாப்ள, ஏணியில பறந்து போனியா?'

வந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. தன் கிண்டலுக்குத் தானே சிரிப்பது அந்த வேலையில் சகஜம். 'டீ குடிக்கப் போறேன்' என்று தட்டினான், போனான், வந்து 'வந்துட்டேன்' என்று தட்டினான். எல்லாம் வந்தன.

உண்மையில் அன்று இறங்கியிருக்க வேண்டியவன் அவன்தான். முறை அவனுடையது. ஆனால் குழியின் விளிம்பில் நின்றாலே அவனுக்கு மூச்சு முட்டும், உள்ளங்கை நனைந்துவிடும். இந்தச் சங்கதி யாருக்கும் தெரியாது. "முதுகு பிடிச்சிருக்கு மாப்ள, நாளைக்கு நீ ஒரு நடை இறங்கிடேன்" என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தான். மாப்பிள்ளை பியூஸின் தங்கை கணவன். இவன் சொல்லித்தான் இந்த வேலையிலேயே சேர்ந்தவன்.

"ஏன் மச்சான், குழியைப் பார்த்தா மட்டும்தான் உங்க முதுகு பிடிக்குமா?" என்று இன்று கிளம்பும்போது சிரித்துக்கொண்டே பையைத் தோளில் போட்டுக்கொண்டான் மாப்பிள்ளை. போகிற போக்கில் இவன் மேசையிலிருந்து ஒரு மிட்டாயையும் எடுத்துக்கொண்டான்.

மூன்று மணி ஆயிற்று. பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

'பத்து நிமிஷம் ஆச்சு. பிளக்கைக் கழட்டு.'

அதுவும் திரும்பி வந்தது. பிளக் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். இவன் சொல்வது பிளக் இருக்கும்வரை அவனுக்குப் போகாது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் தட்டினான். 'சீக்கிரம் மேல வா மாப்ள. மதகைத் திறக்கணும்.'

இந்தமுறை உடனே வரவில்லை.

ஒரு விநாடி இருக்கும். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் பிளக் என்பது ஒரு வளைந்த கம்பித் துண்டு, அதற்கு யோசிக்கத் தெரியாது. போனது திரும்ப வேண்டும், அவ்வளவுதான். இப்போதோ யாரோ வரியைப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பியதுபோல ஓர் இடைவெளி. அப்புறம் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிரூட்டியின் ஒரே சீரான இரைச்சல், சூடான பிளாஸ்டிக்கின் வாடை, காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரியாத குழல்விளக்கு வெளிச்சம். எதிர்ச்சுவரில் யாரோ எந்தக் காலத்திலோ சிவப்பு மையில் எழுதி ஒட்டிய தாள்: உள்ளே ஆள் இருந்தால் நாற்காலி காலியாகக் கூடாது. மதகின் மோட்டார் அணையில் இருந்தாலும், அதைத் திறக்கும் கட்டளை இந்த நாற்காலிக்கு முன்னால் இருக்கும் திரையிலிருந்து மட்டும்தான் போகும். உள்ளே போனவன் தன் வாயால் 'மேலே வந்துவிட்டேன்' என்று சொல்லும்வரை அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. பதினைந்து வருஷத்தில் ஒருநாளும் யாரும் மீறியதில்லை.

பியூஸ் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எதுவும் தட்டவில்லை.

வாங்கும் விளக்கு மின்னியது.

'மாப்ள.'

சற்றுப் பொறுத்து, 'வா மாப்ள.'

ஆகா, ரௌட்டரை மாட்டிவிட்டான் பயல், விளையாடுகிறான். வரட்டும், இன்றைக்கு இருக்கிறது கச்சேரி. 'டேய், வேலை முடிஞ்சுதா இல்லையா?' என்று வேகமாகத் தட்டினான்.

'வேலை முடிஞ்சுதா. இல்லையா. வேலை முடிஞ்சுதா.'

கைபேசி அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. தங்கை.

"அண்ணா, அவர் எங்கே? போன் போகவே மாட்டேங்குது."

"கீழ இருக்கான்மா. அங்க சிக்னல் எடுக்காது."

"ராத்திரியெல்லாம் காய்ச்சல் அவருக்கு. போக வேண்டாம்னேன். மச்சானுக்கு முதுகு வலி, நான் போகலைன்னா அவர்தான் இறங்கணும்னு கிளம்பிட்டாரு. உங்க சீரியல் லைன் எப்பதான் முடியும்? டிவி சீரியலே தேவலை போல."

"இதோ, முடிஞ்சிடும். நானே வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன். நீ படு." ஏழு மாதக் கர்ப்பிணியிடம் வேறு என்ன சொல்ல முடியும்? அணைத்த கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன்னை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

நாலேகாலுக்கு அதிகாரி மேசைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னய்யா பியூஸ், ஆஸ்பத்திரி டேங்க் அடி தெரியுதாம். அஞ்சு மணிக்கு மதகு திறந்தாகணும்."

"ஆள் இன்னும் மேல வரல சார்."

"வந்துட்டானே. உன் லைன்ல ஓடுறது எனக்கும் இங்க தெரியுதுல்ல? திரையைப் பாரு."

பார்த்தான்.

'மேல வந்துட்டேன். மதகைத் திறக்கணும்.'

அப்பாடா என்றிருந்தது. தோள்கள் தாமாகத் தளர்ந்தன. கை பொத்தான் பக்கம் போய்விட்டது, விரலும் நீண்டுவிட்டது. அப்போதுதான் மேலே இருந்த வரிகள் கண்ணில் பட்டன. மேல. வந்துட்டேன். மதகைத். திறக்கணும். நான்கும் அவன் தட்டிய சொற்கள். அவன் இன்று மதியம் இந்த மேசையில் உட்கார்ந்து, இந்த விரல்களால் தட்டியவை. திரையை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தான். கம்பியிலிருந்து வந்ததில் அவன் கொடுக்காத சொல் ஒன்றுகூட இல்லை.

மாப்பிள்ளை மேலே வந்தால் எழுத்திலா சொல்வான்? முதல் வேலையாகப் போனில் கூப்பிட்டுக் கத்த மாட்டானா? கைபேசியில் மாப்பிள்ளையின் எண்ணைப் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது.

"அவசரப்படாதீங்க சார், எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று வைத்துவிட்டு, தட்டினான். 'உன் பொண்டாட்டிய நீ எப்படிக் கூப்பிடுவ? சொல்லு.' அந்தச் செல்லப் பெயர் வீட்டில் நான்கு பேருக்குத்தான் தெரியும்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. பிறகு,

'எப்படி.'

'சொல்லு.'

'எப்படி. சொல்லு. எப்படி. சொல்லு.'

வரி வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. அது திருப்பிக் கேட்கிறது. அதற்குத் தெரிய வேண்டுமாம். பியூஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். வியர்வையைத் துடைக்கச் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடிய விரலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

கட்டைவிரல் அளவு. கறுப்புப் பிளாஸ்டிக்.

பிளக்.

காலையில் கேபிளை இந்தப் பக்கம் சோதித்துவிட்டு அவனே பைக்குள் போட்டது. மாப்பிள்ளையிடம் கொடுக்க மறந்தது. எத்தனை பெரிய மடையன் இவன்! அப்படியானால் அங்கே பிளக் இல்லை. இரண்டு முப்பத்துநாலிலிருந்து அந்த இரண்டு கம்பிகளையும் எது சேர்த்துப் பிடித்திருக்கிறது?

ஈரத்தரையில் கம்பி முனைகள் விழுந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்று மனசு ஓடிப்போய் ஒரு காரணத்தைப் பிடித்து வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? சரி, ஒட்டியிருக்கும். ஆனால் பிளக் இல்லை என்று தெரிந்ததும் மாப்பிள்ளை திட்டிக்கொண்டே மேலே ஏறி வந்திருப்பானே? ஏன் வரவில்லை? காய்ச்சலில் மயங்கி விழுந்துவிட்டானா?

அதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டான். "சார், அது அவன் இல்ல. அவன் கீழதான் இருக்கான். யாரையாவது அனுப்புங்க."

"எல்லாரும் அணையில இருக்காங்கய்யா. வர ஒரு மணி நேரம் ஆகும். உனக்கு என்ன ஆச்சு?"

"அப்போ நானே போறேன். மதகு அடைச்சே இருக்கட்டும்."

"நாற்காலியை விட்டுட்டா? யோவ்!"

இணைப்பைத் துண்டித்தான். திரையை அணைத்தான். அறையை வெளியே பூட்டினான். அதற்கு இருப்பது ஒரே சாவி. அதைப் பைக்குள் போட்டு, பையை வெளியிலிருந்து தட்டியும் பார்த்துக்கொண்டான். ஆள் இல்லாவிட்டால் பொத்தான் அமுங்காது. பூட்டிய அறையில் ஆள் ஏது?

குழிக்கு ஓடினான். வானம் மூட்டமாக இருந்தது, மழை வரவில்லை. மூடியின் பக்கத்தில் மாப்பிள்ளையின் செருப்பு ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொள்வார்கள். அந்தச் செருப்பைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாப்ள!"

குழி அந்தக் குரலை வாங்கிக்கொண்டது. திருப்பிக் கொடுக்கவில்லை.

தலைவிளக்கை மாட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தான். மூச்சு முட்டியது. உள்ளங்கை வழுக்கியது. தங்கைக்கு என்ன பதில் சொல்வாய், என்ன பதில் சொல்வாய் என்று தன்னையே ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டு இறங்கினான். இருபதாவது படியில் வெளிச்சம் தலைக்குமேல் ஒரு தட்டின் அளவுக்குச் சுருங்கியது. முப்பதில் ஈர சிமெண்ட் வாடை. நாற்பதில் அதற்கும் அடியில் இன்னொரு வாடை, பழைய செப்புக் காசை நாக்கில் வைத்தது மாதிரி. ஐம்பதில் ஒரு சத்தம். மெல்லிய, விடாத முணுமுணுப்பு. குழாயில் தண்ணீர் கசிகிறது என்று நினைத்தான்.

அது பேச்சு.

தரையில் கால் பட்டது. அறை எட்டடிக்கு எட்டடி. வலப்பக்கம் சுரங்கத்தின் வாய், கறுப்பாக, திறந்தபடி. மேடையில் ரௌட்டரின் அட்டைப்பெட்டி. அதன் ஒட்டுத்தாள் பிரிக்கப்படவே இல்லை.

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் நீட்டி, தலை நேராக. கேபிளின் உறை பிரிந்து, வலக்கையில் ஒரு கம்பி, இடக்கையில் ஒரு கம்பி. நாக்கில் வைத்தால் லேசாகக் குத்தும் அளவுக்குத்தான் அந்தக் கம்பியில் மின்சாரம் உண்டு, அது ஆளை ஒன்றும் செய்யாது. அவன் கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. மார்பு ஏறி இறங்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"எப்படி. சொல்லு. எப்படி. சொல்லு."

"டேய்! மாப்ள! நான்தான்டா!" பியூஸ் பாய்ந்து அவன் கன்னத்தைத் தட்டினான். கன்னம் கொதித்தது. உயிர் இருக்கிறது. கடவுளே, உயிர் இருக்கிறது. வலக்கையின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். ஒரு விரல்கூட அசைந்து கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்தான். தோலோடு சேர்ந்து வந்தது, தோல் விடவில்லை.

உதடுகள் நின்றன.

ஒரு விநாடி.

மீண்டும் அசைந்தன. இப்போது வேகமாக, ஒழுங்காக, தட்டச்சுபோல ஒவ்வோர் எழுத்தாக.

"மச்சான். கீழ. இறங்கிட்டாரு."

பியூஸின் கை அப்படியே நின்றது.

அந்தச் சொற்களை அவன் தட்டியதில்லை. ஒன்றைக்கூட. அனுப்பும் கம்பியில் வருவது மேலே அந்த அறையிலிருந்து வர வேண்டும். அந்த விசைப்பலகையிலிருந்து. அந்த நாற்காலியிலிருந்து.

சட்டைப்பையைத் தொட்டான். சாவி இருந்தது.

"யாரு?" என்றான். "மேல யாரு?"

மாப்பிள்ளையின் கண்கள் அவன் பக்கம் திரும்பின. உடம்பு திரும்பவில்லை. கண்கள் மட்டும். அதில் ஒரு சொட்டு நீர் திரண்டு வழிந்தது. அவனுக்கு எல்லாம் தெரிகிறது. எல்லாம் கேட்கிறது. அவன் உள்ளேதான் இருக்கிறான்.

உதடுகளோ அவனைக் கேட்காமல் பேசின.

"ரெண்டு பேரும் உள்ள. மதகைத் திறந்தாச்சு."

சுரங்கத்தின் வாயிலிருந்து காற்று வந்தது. தண்ணீர் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் குளிர்ந்த காற்று. முதலில் லேசாக.

பியூஸ் விரல்களைப் பற்றி இழுத்தான். மறுபடி இழுத்தான். பல்லால் கடித்து இழுத்தான்.

மாப்பிள்ளையின் நெற்றி முடி பறக்க ஆரம்பித்தது. உதடுகள் அடுத்த எழுத்துக்காகத் திறந்தன.